மடிநோய் ஊசிக்கும் மருந்துக்கு மசியாத கிருமிக்கும் என்ன தொடர்பு?

மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலைக் காய்ச்சி, உறை ஊற்றி வைத்துப் பாருங்கள். பல நேரங்களில் மறுநாள் காலையில் தயிர் தோய்ந்திருக்காது. கொழகொழவென்று நிற்கும், இல்லையென்றால் ஊற்றியது ஊற்றியபடி பாலாகவே இருக்கும். உறைமோர் சரியில்லை, குளிர் அதிகம் என்று வீட்டில் காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணம் வேறாக இருக்கலாம். பாலைத் தயிராக்குவது நன்மை செய்யும் பாக்டீரியா. மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாடிக் மருந்து ரத்தம் வழியாக மடிக்கு வந்து பாலில் இறங்குகிறது. மடிக்குள்ளேயே ஏற்றும் டியூப் மருந்து என்றால் கேட்கவே வேண்டாம். அந்த மருந்து உறைமோரில் உள்ள பாக்டீரியாவையும் கொன்றுவிடுகிறது. காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான ஆன்டிபயாடிக் மருந்துகள் அடுப்புச் சூட்டுக்கு அழிவதில்லை.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பரிசோதித்தது. அவற்றில் 77 மாதிரிகளில் அனுமதித்த அளவைவிட அதிகமாக ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. நூற்றில் ஒன்றுக்குச் சற்று மேல். ‘பரவாயில்லையே, நம் பால் சுத்தம்தான்’ என்று தோன்றும். எச்சம் என்று பார்த்தால் அது சரிதான். ஆனால், பாலில் தங்கும் மருந்து இந்தப் பிரச்சினையின் சிறிய பாதிதான். பெரிய பாதி கண்ணுக்குத் தெரியாது, பால் பரிசோதனையிலும் சிக்காது. அந்த மருந்தைத் தாங்கிக்கொண்டு பிழைத்த கிருமிதான் அது. மாட்டின் மடியிலும் குடலிலும், கறப்பவரின் கையிலும், கொட்டகைச் சாணத்திலும் அது வளர்கிறது. மருத்துவமனைகளில் எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகள் என்று செய்திகளில் படிக்கிறீர்களே, அவற்றின் கதையில் ஒரு பகுதி நம் கொட்டகையில் நடக்கிறது.

பருத்திக்காரருக்குத் தெரிந்த கதை

கிருமி மருந்துக்கு எப்படிப் பழகுகிறது என்பதைப் பருத்தி போட்டவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பூச்சிமருந்து வந்த புதிதில் காய்ப்புழு கொத்துக் கொத்தாகச் சாகும். நாலைந்து வருடம் போனால் அதே மருந்தை இரண்டு மடங்கு கலந்து அடித்தாலும் புழு அசையாது. புழு மருந்தைக் ‘கற்றுக்கொள்வது’ கிடையாது. ஆயிரத்தில் ஒன்றுக்கு மருந்தைத் தாங்கும் தன்மை பிறவியிலேயே இருந்திருக்கும். மற்றவை செத்துப்போக, அந்த ஒன்றின் வம்சம் மட்டும் வயல் முழுக்கப் பெருகும். மருந்து எத்தனை முறை விழுகிறதோ, அத்தனை முறை அந்த வம்சத்துக்கு நாமே களையெடுத்துக் கொடுக்கிறோம்.

பாக்டீரியாவிலும் இதேதான் நடக்கிறது, ஆனால் இரண்டு வித்தியாசங்கள் உண்டு. காய்ப்புழு ஒரு தலைமுறை முடிக்க ஒரு மாதம் ஆகும் என்றால், குடலில் வாழும் இ.கோலை போன்ற பாக்டீரியா வசதியான சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகிவிடும். இரண்டாவது வித்தியாசம்தான் ஆபத்தானது. புழு தன் எதிர்ப்புத் திறனைத் தன் குஞ்சுகளுக்கு மட்டுமே கொடுக்க முடியும். பாக்டீரியா அப்படியல்ல. தனக்குக் கிடைத்த எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்தில் இருக்கும் வேறு இன பாக்டீரியாவுக்கும் கைமாற்றும். நல்ல விதையை அண்டை வீட்டுக்கு ஒரு படி அளந்து கொடுப்பதுபோல. அதிலும் பெரும்பாலும் ஒரே முடிச்சில் நாலைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்தே போகும். அதனால், நீங்கள் ஒரு மருந்தைத்தான் கொடுத்தீர்கள் என்றாலும், நீங்கள் தொடாத மருந்துகளுக்கும் மசியாத கிருமி உருவாகலாம்.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்குக்கு இது ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. 1945-ல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, கிருமியைக் கொல்லப் போதாத அளவில் மருந்தைக் கொடுத்தால் அது எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும் என்று எச்சரித்தார். மருந்து சந்தைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அதற்குப் பின் சில ஆண்டுகளிலேயே, கோழித் தீவனத்தில் சிறிதளவு ஆன்டிபயாடிக் கலந்தால் குஞ்சுகள் சீக்கிரம் எடை போடுகின்றன என்று அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். நோயே இல்லாத கோழிக்கும் பன்றிக்கும் தினமும், அதுவும் கிருமியைக் கொல்லப் போதாத அளவில் மருந்து போகத் தொடங்கியது. எதைச் செய்யாதே என்று ஃபிளெமிங் சொன்னாரோ, அதுவே தொழில்முறை ஆனது.

குடும்பத்தோடு ஒரு பரிசோதனை

‘கோழிக்குக் கொடுத்தால் கோழிக்குத்தானே, எனக்கு என்ன?’ என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவி என்ற மருத்துவ விஞ்ஞானி இதே கேள்விக்கு விடை தேடினார். அவருடைய ஆய்வு 1976-ல் வெளியானது. ஒரு பண்ணைக் குடும்பம் கோழிக்குஞ்சுகளை வளர்த்தது. ஒரு பகுதிக் குஞ்சுகளுக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம் கொடுத்தார்கள். கோழிகளின் எச்சத்தையும், வீட்டில் இருந்தவர்களின் மலத்தையும், அக்கம்பக்கத்தாரின் மலத்தையும் தொடர்ந்து பரிசோதித்தார்கள்.

மருந்துத் தீவனம் கொடுக்க ஆரம்பித்த ஒரே வாரத்தில் அந்தக் கோழிகளின் குடலில் இருந்த கிருமிகள் ஏறக்குறைய எல்லாமே டெட்ராசைக்ளினுக்கு மசியாதவையாக மாறிவிட்டன. இதில் ஆச்சரியம் இல்லை. அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. வீட்டிலிருந்த மனிதர்களின் குடலிலும் மெதுவாக அதே மாற்றம் வந்தது. ஐந்தாறு மாதத்துக்குள் அந்தக் குடும்பத்தின் 11 பேரில் 7 பேருக்கு, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பரிசோதனைகளில், குடல் கிருமிகளில் 80 சதவீதத்துக்கும் மேல் மருந்துக்கு மசியாதவையாக இருந்தன. அக்கம்பக்கத்தார் 24 பேரில் 3 பேருக்கு மட்டுமே அப்படி இருந்தது. பண்ணையில் இருந்தவர்களின் குடல் கிருமிகள் டெட்ராசைக்ளினோடு நிற்கவில்லை. வேறு பல மருந்துகளுக்குமான எதிர்ப்பும், மற்ற பாக்டீரியாவுக்குக் கைமாற்றக்கூடிய நிலையில், அவற்றில் இருந்தது.

அவர்களில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் வரவில்லை. குடலில் இப்படிப்பட்ட கிருமி இருப்பது வெளியில் தெரியாது. வயிறு வலிக்காது, காய்ச்சல் வராது. அந்த வீட்டில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை நடந்து, அல்லது பிரசவத்தில், அல்லது சிறுநீர்க்குழாய் போட்டுப் படுத்திருக்கும்போது, அதே கிருமி குடலை விட்டு ரத்தத்துக்கோ சிறுநீர்ப்பைக்கோ போகும்போதுதான் தெரியவரும். டாக்டர் முதல் மருந்தைக் கொடுப்பார், கேட்காது. இரண்டாவதைக் கொடுப்பார், அதுவும் கேட்காது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவே இரண்டு மூன்று நாள் போய்விடும். ரத்தத்தில் கிருமி பரவியவருக்கு அந்த இரண்டு மூன்று நாள் சாதாரணமானது அல்ல.

மருந்துத் தீவனத்தைத் தொட்டு, கோழியைப் பிடித்து, எச்சத்தை அள்ளிப் போட்டவர்கள் அவர்கள். கொட்டகையில் மருந்தைப் பயன்படுத்தும்போது முதலில் பாதிக்கப்படுவது நகரத்தில் பால் வாங்குபவரோ கறிக்கடையில் நிற்பவரோ அல்ல. கொட்டகையில் வேலை பார்க்கும் நீங்களும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளும்தான்.

சென்னையிலும் கிடைத்த கிருமி

மருத்துவமனைப் பக்கம் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். 2008-ல் ஸ்வீடனில் ஒரு நோயாளியிடம் புதுவிதமான கிருமி ஒன்று கிடைத்தது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அவர் அதற்கு முன் டெல்லியில் மருத்துவமனையில் இருந்தவர். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கடைசி நம்பிக்கையாகக் கொடுக்கப்படும் கார்பபெனெம் வகை மருந்துகளையே செரித்துவிடும் நொதியை அந்தக் கிருமி உற்பத்தி செய்தது. அதற்கு என்டிஎம்-1 என்று பெயரிட்டார்கள். ‘புதுடெல்லி’ என்பதன் சுருக்கம் அந்தப் பெயரில் இருப்பதால் இங்கே பெரிய சர்ச்சை எழுந்தது. 2010-ல் வெளியான ஆய்வில் இதே மரபணு கொண்ட கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 பதிவாகியிருந்தன. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. பெயரைப் பற்றிய கோபம் ஓய்ந்தது, கிருமி ஓயவில்லை. அடுத்த ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில் டெல்லியின் தெருக்களில் தேங்கிய நீரில் 171 மாதிரிகளில் 51-லும், குடிநீர்க் குழாய்களில் 50 மாதிரிகளில் 2-லும் அந்த மரபணு இருந்தது. மருத்துவமனைச் சுவருக்குள் கிருமி அடங்கி இருப்பதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கார்பபெனெம் தோற்றால் டாக்டர்கள் எடுப்பது கோலிஸ்டின். இது பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று மனிதர்களுக்குக் கொடுப்பதைப் பெரும்பாலும் கைவிட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்தார்கள். மனிதர்களுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய காலத்தில் அது எங்கே போனது தெரியுமா? கோழி, பன்றித் தீவனத்துக்கு. 2015 நவம்பரில் சீன விஞ்ஞானிகள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். பன்றிகளிடம் எம்சிஆர்-1 என்ற மரபணு கிடைத்திருக்கிறது, கோலிஸ்டினைத் தோற்கடிக்கும் அந்தத் திறனை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குச் சுலபமாகக் கொடுக்கிறது என்பதுதான் அது. கசாப்புக்கு வந்த 804 பன்றிகளில் 166-ல் அது இருந்தது. கடைகளில் வாங்கிய 523 இறைச்சி மாதிரிகளில் 78-ல் இருந்தது. மருத்துவமனையில் இருந்த 1,322 நோயாளிகளில் 16 பேரிடம் இருந்தது. பன்றியில் அதிகம், கறியில் கொஞ்சம் குறைவு, மனிதரில் மிகக் குறைவு. கிருமி எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று அந்த மூன்று எண்களும் சொல்லிவிடுகின்றன.

நல்ல செய்தியும் உண்டு. தீவனத்தில் கோலிஸ்டின் சேர்ப்பதை சீனா 2017 ஏப்ரல் இறுதியோடு நிறுத்தியது. அதற்கு முன்பு பன்றிகளில் 34 சதவீதம் இருந்த கோலிஸ்டின் எதிர்ப்புக் கிருமி, ஓரிரு ஆண்டுகளிலேயே சுமார் 5 சதவீதமாக இறங்கியது. மருந்தின் நெருக்கடி இல்லாவிட்டால் எதிர்ப்பைச் சுமந்து திரியும் கிருமிக்கு அது வீண் சுமை. சாதாரணக் கிருமி அதை முந்திவிடும். நம் நாட்டில் 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் எதற்கும் கோலிஸ்டின் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் தடை விதித்தது. பழைய டப்பா எங்காவது பண்ணையில் கிடந்தால் அதைத் தீவனத்தில் கலக்காதீர்கள். கறிக்கோழி ஒப்பந்தப் பண்ணைக்காரர்களின் சங்கடம் புரிகிறது. தீவனமும் மருந்தும் கம்பெனி வண்டியில் வருகிறது, மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டால் பதில் வருவதில்லை. ஆனாலும் கேளுங்கள். எச்சத்தை அள்ளுவதும் கொட்டகைக்குள் மூச்சு விடுவதும் உங்கள் குடும்பம்தான்.

விவசாயி மட்டுமா காரணம்?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லாமல் விவசாயிக்கு மட்டும் புத்தி சொல்வது நியாயமல்ல. சளி, காய்ச்சலுக்கெல்லாம் ஆன்டிபயாடிக் எழுதும் மருத்துவர்கள், சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுக்கும் மருந்துக்கடைகள், கை கழுவாமல் ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகும் ஊழியர்கள், கழிவுநீரைச் சுத்திகரிக்காத ஊர்கள் என்று எல்லோருக்கும் பங்கு உண்டு. ஹைதராபாத் அருகே பட்டான்சேருவில், மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய தண்ணீரை ஸ்வீடன் ஆய்வாளர்கள் பரிசோதித்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. மருந்து சாப்பிட்ட மனிதரின் ரத்தத்தில் இருப்பதைவிட அது பல மடங்கு அதிகம். எந்த விவசாயியும் அவ்வளவு மருந்தைக் கொட்ட முடியாது.

அதே சிப்ரோஃப்ளாக்சசினுக்கு நம் கொட்டகையில் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். கோழிக்கும் மாட்டுக்கும் போடும் என்ரோஃப்ளாக்சசின் விலங்கின் உடம்புக்குள் போய் ஓரளவு சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறிவிடும். மனிதருக்கு ஒரு மருந்து, மாட்டுக்கு வேறு மருந்து என்று நாம் நினைத்தாலும் கிருமிக்கு இரண்டும் ஒன்றுதான். கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசின் கொடுப்பதை அமெரிக்கா 2005-லேயே நிறுத்தியதற்கு இதுதான் காரணம்.

நாம் மாற்றக்கூடியவை

முதலில், எந்த நோய்க்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை என்பது. வெள்ளைக்கழிச்சல் வந்த நாட்டுக்கோழிக்கு மருந்துக்கடையில் கேப்சூல் வாங்கி, பிரித்துச் சோற்றில் பிசைந்து கொடுப்பது ஊருக்கு ஊர் நடக்கிறது. வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். வைரஸை எந்த ஆன்டிபயாடிக்கும் ஒன்றும் செய்யாது. கோழி பிழைத்தால் அது கோழியின் அதிர்ஷ்டம், கேப்சூலின் வேலை அல்ல. தடுப்பூசிதான் வழி. கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாக பிப்ரவரியில் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை விட்டுவிடாதீர்கள். கோமாரி, தோல் கழலை இரண்டும் வைரஸ் நோய்களே. அவற்றில் புண் சீழ் பிடித்தால் மட்டும் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம், அதைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அடுத்து, அரைகுறை அளவு. மூன்று நாள் ஊசி என்று டாக்டர் சொல்லியிருப்பார். முதல் ஊசியில் வீக்கம் வடிந்ததும் மீதியை அடுத்த மாட்டுக்கென்று எடுத்து வைப்பதும், 400 கிலோ மாட்டுக்குக் கன்றுக்குட்டி அளவில் மருந்து போடுவதும் ஃபிளெமிங் சொன்ன தவறைத் திரும்பச் செய்வதுதான். அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மருந்து என்றால் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது என்று அர்த்தம். கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

டென்மார்க்கில் கால்நடை மருத்துவர்கள் மருந்து விற்று லாபம் பார்ப்பதை 1990களின் நடுவில் கட்டுப்படுத்தினார்கள். பிறகு வளர்ச்சிக்காகத் தீவனத்தில் மருந்து சேர்ப்பதையும் நிறுத்தினார்கள். பன்றிப் பண்ணைகள் மூடப்படும் என்று எதிர்ப்பு இருந்தது. 1992-க்கும் 2008-க்கும் இடையில் அங்கே பன்றி உற்பத்தி ஆண்டுக்கு 1.84 கோடியிலிருந்து 2.71 கோடியாக உயர்ந்தது. ஒரு கிலோ இறைச்சிக்குச் செலவான ஆன்டிபயாடிக் பாதிக்கும் கீழே வந்தது. சுத்தம், இடவசதி, குட்டி பிரிக்கும் வயது ஆகியவற்றில் கவனம் வைத்ததால் இது முடிந்தது. மருந்தைக் குறைத்தால் நஷ்டம் என்று சொல்பவர்களிடம் நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

மூன்றாவது விஷயத்தைப் பலரும் நல்லெண்ணத்திலேயே செய்கிறோம். ஊசி போட்ட மாட்டின் பாலை சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்று தெரியும். கீழே கொட்ட மனம் வராது. கன்றுக்கு ஊட்டி விடுவோம். அந்தப் பாலில் இருப்பது கிருமியைக் கொல்லப் போதாத அளவு மருந்து. கன்றின் குடலில் மசியாத கிருமியை வளர்க்க இதைவிடச் சிறந்த வழி கிடையாது. நாளை அந்தக் கன்றுக்குக் கழிச்சல் வந்தால் மருந்து கேட்காது. அந்தப் பாலைக் கிணறு, வாய்க்கால், சாக்கடையிலிருந்து தள்ளிக் குழி தோண்டி ஊற்றி மூடுவதே சரி.

எத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது? மருந்து டப்பாவில் அச்சிட்டிருக்க வேண்டும் என்று 2012-லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்தது. டப்பாவில் குறிப்பிடாத மருந்தென்றால், கடைசி ஊசிக்குப் பிறகு பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். கொட்டகைச் சுவரில் ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டு, மாட்டின் பெயர், மருந்து, ஊசி போட்ட தேதி மூன்றையும் குறித்து வையுங்கள். நாலு கறவை வைத்திருப்பவருக்குக்கூட எந்த மாட்டுக்கு என்றைக்கு ஊசி போட்டோம் என்பது மறந்துபோகும்.

பச்சைச் சாணத்தையும் புதுக் கோழி எருவையும் நேரடியாகக் கீரைப் பாத்தியில் போடாதீர்கள். குவித்து, ஈரம் பார்த்து, கிளறிவிட்டு மக்க வைத்தால் குவியலின் உள்ளே ஏறும் சூட்டில் பெரும்பாலான நோய்க்கிருமிகள் செத்துப்போகும், மருந்து எச்சமும் கணிசமாகக் குறையும். கையை உள்ளே விட்டால் தாங்க முடியாத அளவு சுட வேண்டும்.

மருந்து தேவைப்படாத மடி

கறவை வைத்திருப்பவர் ஆன்டிபயாடிக் வாங்குவது பெரும்பாலும் மடிநோய்க்குத்தான். மடிநோயைக் குறைத்தால் மருந்து தானாகக் குறையும். கறந்து முடித்த பிறகு காம்பின் துளை சுமார் அரை மணி நேரம் திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் மாடு சாணத்தில் படுத்தால் கிருமி உள்ளே போகும். கறந்தவுடன் தீவனம் வைத்து மாட்டை நிற்க வையுங்கள். போவிடோன் அயோடின் கரைசலில் காம்பை முக்கி எடுங்கள். கட்டைவிரலை மடக்கிக் கறப்பதைவிட முழுக்கையால் கறப்பது காம்புக்கு நல்லது. மடியில் பால் தேங்காமல் ஒட்டக் கறக்க வேண்டும். மடிநோய் உள்ள மாட்டைக் கடைசியில் கறந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முதல் பீச்சலைத் தரையில் விடாமல் ஒரு கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள், திரி இருந்தால் தெரிந்துவிடும்.

வீக்கம் வருவதற்கு முன்பே கண்டுபிடிக்கவும் எளிய வழி இருக்கிறது. 100 மி.லி. தண்ணீரில் 3 கிராம் சலவைத்தூள் கரையுங்கள். நாலு காம்பின் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து, அதே அளவு சலவைத்தூள் கரைசல் ஊற்றி ஒரு நிமிடம் சுழற்றுங்கள். நல்ல பால் தண்ணீராகவே இருக்கும். மறைந்திருக்கும் மடிநோய் என்றால் கொழகொழவென்று கட்டியாகும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். சோதித்த பாலைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தை நன்றாகக் கழுவிவிடுங்கள்.

ஆரம்ப நிலை மடிநோய்க்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் மரபுவழி மருந்து இப்போது பல மாவட்டங்களில் பழக்கத்தில் இருக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு சுமார் 15 கிராம் சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள். பாலைக் கறந்து வெளியேற்றி, மடியைக் கழுவி, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுவதும் தடவுங்கள். நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். பத்து முறை என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காலையும் மாலையும் தடவிவிட்டுக் கேட்கவில்லை என்று சொல்வதில் பயனில்லை. மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தால், மடி கல்லாக இறுகியிருந்தால், பாலில் ரத்தமோ தண்ணீரோ வந்தால் இதை நம்பிக் காத்திருக்காதீர்கள். 1962-க்கு அழையுங்கள். ஆன்டிபயாடிக் இருப்பதே அப்படிப்பட்ட மாட்டுக்காகத்தான்.

நெல் விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. பாக்டீரியா இலைக்கருகலுக்கும் எலுமிச்சைச் சொறிநோய்க்கும் அடிக்கும் ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் கலவையும் மனித மருந்துதான். ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்குக் கொடுப்பது. வேளாண்மையில் இவற்றைத் தடை செய்ய மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வரைவு ஆணை வெளியிட்டது. இலைக்கருகல் தென்பட்டதும் புதுச் சாணக் கரைசலை 20 சதவீத அளவில் தெளிப்பதை, பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை தெளிப்பதை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகவே பரிந்துரைக்கிறது. கருகல் வந்த வயலில் மேலுரமாக யூரியாவைக் கொட்டுவதை நிறுத்தினாலே பாதி குறையும்.

அதே மாட்டுக்கு மடிநோய் திரும்பத் திரும்ப வருகிறது, இரண்டு விதமான மருந்து போட்டும் கேட்கவில்லை என்றால், மூன்றாவதைத் தேடி மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று ஆய்வகத்தில் சோதித்துச் சொல்வார்கள். இதற்கு அடுத்த ஊசி போடுவதற்கு முன்பே பால் எடுக்க வேண்டும், ஊசிக்குப் பிறகு எடுத்தால் பயனில்லை. காம்பைக் கழுவித் துடைத்து, நுனியை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, முதல் இரண்டு பீச்சலை விட்டுவிட்டு, கால்நடை மருந்தகத்தில் கொடுக்கும் சுத்தமான மூடி போட்ட குப்பியில் பத்து மில்லி பிடியுங்கள். ஐஸ் வைத்த டப்பாவில் வைத்து அன்றே உங்கள் மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலோ, கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்திலோ கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் முடிவு வந்துவிடும். குப்பியின் மேல் மாட்டின் பெயர், எந்தக் காம்பு, இதுவரை என்ன மருந்து போட்டோம் என்பதையும் எழுதி ஒட்டுங்கள்.